பூஜ்யம் புள்ளி ஒன்பது

பதிவேட்டின் முதல் வரியில்
பூஜ்யம் புள்ளி ஒன்பது என்று எழுதிக் கொடுத்தாள் காஹு.
பறந்த நேரம், மணிக்கணக்கில்.
அந்த நோட்டுக்கு
நான் பிறந்து ஐம்பத்து நான்கு நிமிடம்.

மருத்துவரின் தாளுக்கோ நாற்பத்தொன்பது.
காதில் பழுதில்லை, கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும்,
இதயம் கிறுக்கிய கோட்டை
இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான்
கையெழுத்துப் போட்டார்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம்
சங்கிலியில் தொங்கி வரும் ஆட்டுத் தொடைகளில்
எலும்பு பிரித்தேன்.
வானம் என்றால் அங்கே
வெள்ளையடித்த தகரம், குழல்விளக்கு,
குளிரூட்டியின் இரைச்சல்.
ஆலையை இழுத்து மூடியபோது
கைக்கு வந்த தொகையில்
வீட்டுக் கூரையை மாற்றலாம் என்றார் லாக்லன்.
நியாயமான மனிதர். நியாயமான யோசனை.
கூரை இன்னும் ஒழுகுகிறது.

"ஐம்பதில் வளைவது முதுகு மட்டும்தான், டெல்வின்,"
அண்ணன் சொன்னான் கிறிஸ்துமஸ் விருந்தில்,
பன்றித் தொடையை
என்னையே வெட்டச் சொல்லிவிட்டு.

காஹுவுக்கு என் மகளைவிட இரண்டு வயது குறைவு.
எடை குறையட்டும் என்று
ஹெலிகாப்டரின் கதவுகளைக் கழற்றி வைத்தாள்.
"நீங்களும் கொஞ்சம்," என்றாள், சிரிக்காமல்.
இடக்கை ஏற்றி இறக்க, வலக்கை சாய்க்க,
மூக்கு திரும்பாமல் பார்த்துக்கொள்ளக் கால்கள்.
ஒன்றைத் தட்டிக்கொடுத்தால்
மற்ற இரண்டும் விழித்துக்கொள்ளும்,
காய்ச்சல்காரப் பிள்ளைகள் மூன்றை
ஒரே கட்டிலில் தூங்கவைப்பதுபோல.

நிற்பதுதான் கடினம்.
ஒரே இடத்தில் நிற்க
பத்து ஏக்கர் புல்வெளி எனக்குப் போதவில்லை.
"அசைக்காதீர்கள். அசைக்க நினையுங்கள், போதும்."
பன்னிரண்டாம் நாள்
கத்தியின் ஞாபகம் வந்தது.
முனை தானே எலும்பைத் தேடிப் போகும்,
விரல் குறுக்கே வராமல் இருந்தால் சரி.
அப்படிப் பிடித்தேன்.
கீழே புல் ஒரே வட்டமாகச் சாய்ந்து கிடந்தது
ஏழு விநாடி.
காஹு வாயைத் திறக்கவில்லை.

பிறகு, எஞ்சின் இல்லாமல் இறங்கும் பாடம்.
விழும்போது கை மேலே இழுக்கத்தான் துடிக்கும்.
இழுத்தால் போச்சு. இறக்கு, உடனே இறக்கு.
விழுகிற வேகமே விசிறியைச் சுற்றும்,
சுற்றுகிற விசிறி விழுவதைத் தாங்கும்.
ஆலையில் அறிவிப்பு வாசித்த வெள்ளிக்கிழமை
நானும் எதையோ மேலே இழுத்துக்கொண்டுதான்
நின்றிருந்தேன்.

இரண்டரை வருஷம்.
வானிலைத் தாளில் மட்டும் ஒருமுறை தோல்வி.
உரிமம் வந்த பிறகு எல்லோரும்
ஆயிரம் மணி பறந்த ஆள் கேட்டார்கள்.
ஒரு கோடை முழுக்க
எரிபொருள் வண்டி ஓட்டினேன், கொட்டகை கூட்டினேன்,
அடுத்தவர்கள் பறந்த கண்ணாடியில்
பூச்சி துடைத்தேன்.
அப்புறம் ஒருவனுக்குக் காதடைப்பு வந்தது.
அவன் நலமாக இருக்கட்டும்.

கிராம்வெல்லில் டிசம்பர் என்றால் செர்ரி.
காம்படியில் ஒரு சின்னக் குழி உண்டு பழத்துக்கு.
மழை விட்டபின் அதில் நீர் தங்கினால்
தோல் வெடித்துவிடும்.
மரவரிசைகளின் தலைக்குமேல்
ஆள் நடக்கிற வேகத்தில்
விசிறிக்காற்றால் பழம் துடைத்துக்கொண்டு போவது என் வேலை.
எந்த ஊருக்கும் போவதில்லை.
யாரையும் காப்பாற்றுவதில்லை.
வரிசை முடிந்ததும் திரும்பி, அடுத்த வரிசை.
டன்ஸ்டன் ஏரி இடப்பக்கம், பிறகு வலப்பக்கம்.

இன்றைக்கு அதிகாலை நாலு மணி.
நடைவழி வாளியில் சொட்டு விழுகிறது.
லாக்லன் புரண்டு படுத்து
"கூரை" என்கிறார் தூக்கத்தில்.
இரண்டு சொட்டுக்கு நடுவே எண்ணுகிறேன்.
நாலு.
நாலு.
ஏழு.
விடப்போகிறது.
தொலைபேசி இன்னும் ஒலிக்கவில்லை,
ஒரு கால் சாக்ஸ் கிடைத்துவிட்டது.