நடப்பில் உள்ளவர்

கேத்தி பாலாடாவில் விடிய விடியக் கேரட் கழுவிவிட்டுத்
தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிக்
கையெழுத்து வாங்கினார் தபால்காரர்.
விரல் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது.
உறையோடு கடிதத்தின் ஓரமும் கிழிந்தது.

மாதம் இரண்டாயிரம் வீதம்
இருபத்து மூன்று மாதம்
தகுதியின்றிப் பெற்ற குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை
ரூபாய் நாற்பத்தாறாயிரத்தைப்
பதினைந்து தினங்களுக்குள் அரசுக் கணக்கில் செலுத்துக.
காரணம் ஒரே வரி:
குடும்ப அட்டையில் கணவர் நடப்பில் உள்ளார்.

இரண்டு தரம் வாசித்தேன்.
நடப்பில் உள்ளார்.
எந்த ரோட்டில் நடக்கிறார் என்று போடவில்லை.
திருப்பூருக்குப் பனியன் கம்பெனி என்று போனவர்
முதல் பொங்கலுக்கு ஐந்நூறு அனுப்பினார்
இரண்டாம் பொங்கலுக்குள்
போன் நம்பரை மாற்றிவிட்டார்.

பிங்கர்போஸ்ட் ஆபீசில்
ஹீட்டர் மேசைக்கடியில்
அவர் பக்கம் மட்டும் சிவந்திருந்தது.
"விட்டுட்டுப் போனதுக்கு ஆதாரம்?"
"அவர் இல்லீங்க."
"இல்லைங்கறதுக்குத்தாம்மா ஆதாரம் கேக்குறேன்.
போயிட்டேன்னு அவர்கிட்டயே எழுதி வாங்கிட்டு வாங்களேன்."
கேலியாகச் சொல்லவில்லை.
அதுதான் கஷ்டம்.

உரச் சாக்கில் தைத்த பையிலிருந்து
எடுத்து வைத்தேன் ஒவ்வொன்றாய்.
பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதிக் கொடுத்தது.
மடித்து மடித்து நாலாய்ப் போன போலீஸ் மனு ரசீது.
கடைசியாக, ஷெட் முதலாளி போஜனின் இரவுக் கணக்கு நோட்டு:
செல்வரதி என்ற பெயருக்கு நேரே
இரவுக்கு இரவு பென்சிலில் 'குழந்தையுடன்'.
சாக்கு மேல் பிள்ளை படுத்த இடத்துக்குக்
கூலியில் பத்து ரூபாய் பிடித்த குறிப்பு அது.

வீட்டில் ஒரு ஆள் இருந்திருந்தால்
நாலு வயசுப் பிள்ளையை
மூணு டிகிரிக் குளிரில்
ராத்திரி ஒன்றரை மணி ஜீப்பில்
எதற்கு ஐயா ஏற்றுவேன்?

நோட்டைப் புரட்டினார்.
பக்கங்களிலிருந்து காய்ந்த மண்
அவர் மேசைக் கண்ணாடியில் கொட்டியது.
ஊதித் தள்ளிவிட்டுக் கேட்டார்,
"சரி, ரேஷன் கார்டுல பேரை ஏன் எடுக்கல?"

இங்கேதான் நின்றேன்.
மனுவில் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.
ரூபி சொல்லிக் கொடுத்த பொய் ஒன்று
நாக்கு நுனிவரை வந்தது.
"அரிசி குறையுங்க" என்றேன்.

ஆமாம்.
அரிசிக்கு அவர் உண்டு, பிள்ளைக்கு இல்லை.
அவர் பங்கை நாங்கள் இருவரும் தின்றோம்.
அதைக் கழிப்பதானால் கழியுங்கள்,
கிலோ கணக்கில் நானே எழுதித் தருகிறேன்.
ஆனால் அந்த நாற்பத்தாறாயிரம்
நிவிதாவின் ஸ்வெட்டர், இருமல் மருந்து,
பகலில் நான் கண்மூடும் நாலு மணி நேரம்
அவளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுச் சரோஜினிக்கு
மாதம் ஆயிரத்து இருநூறு.
சரோஜினியிடம் போய்த் திருப்பிக் கேட்கவா?
தூங்கிய தூக்கத்தை அவளுக்குத் திருப்பித் தந்துவிட்டா?

சத்தமாகப் பேசிவிட்டேன் போல.
பக்கத்து மேசை டைப்பிங் நின்றது.

கைரேகை மெஷினை நகர்த்தினார்.
மூன்று முறை வைத்தும் சிவப்பு விளக்கு.
"உங்க ரேகையே விழலையேம்மா."
பேனா தந்தார்.
ஜெகதீசன் மனைவி என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே
என் பெயரை மட்டும் எழுதினேன்.

"மறுபரிசீலனைக்கு அனுப்புறேன். முடிவு என் கையில இல்ல."
ஒப்புகைச் சீட்டில் சீல் பாதிதான் பதிந்தது.
இன்னொரு தரம் குத்தச் சொன்னேன்.
குத்தினார்.

லவ்டேல் தாண்டியதும் பஸ் கண்ணாடியெல்லாம் மேகம்.
இருட்டுவதற்குள் போஜனிடம் நோட்டைக் கொடுக்க வேண்டும்,
இன்றைய கணக்கை அவர் எதில் எழுதுவார்?
கொடுக்கும்போது மறக்காமல் சொல்ல வேண்டும்,
இனிமேல் அந்தப் பத்து ரூபாயைப்
பேனாவால் எழுதுங்கள் என்று.