ஒரு சென்டிமீட்டர்

உம்தாதா ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
மின்சாரம் போய்த் திரும்பிய இடைவெளியில்
நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவுகிறேன்
மெழுகில் உறைந்த உன் சதையை, நொன்ட்சாபோ.
வெங்காயச் சருகு இதைவிடப் பருமன்.

இருபத்தொன்பதாம் வாரம்.
நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து என்று எகிறிய ரத்தம்.
கண்முன் பூச்சி பறக்கிறது என்றாயாம்.
மோதிரத்தைக் கழற்ற சோப்பு தேவைப்பட்டது.
மருந்து நரம்பில் நெருப்பாய் ஓடும்போதும்
இரவு ஒன்பது மணி மாத்திரையை
மறக்காமல் கேட்டு வாங்கினாயாம்,
வைரஸை உறங்க வைக்கும் அந்த ஒன்றை.

பனிக்கட்டி வாளியில் வந்தது.
நஞ்சு என்று பெயரிட்டவர் யாரோ
இதைக் கையில் ஏந்திக் கழுவியதில்லை.
ஓரமெல்லாம் வெளிறிய திட்டு.
எடை குறைவு.
ஏழு மாதம் ஒருத்தி உண்ட தட்டு.

"ஒரு சென்டிமீட்டர்தானே?" என்று கையெழுத்திட்டாய்.
"மீதியைக் கொடுத்துவிடு.
லிபோடேயில் வீட்டுச் சுவரோரம் புதைக்கணும்."

எந்த ஊர் என்று நாங்கள் கேட்பதில்லை.
உன் தொப்புள் எங்கே என்போம்.
பதில் சொல்ல
ஒரு பிடி மண் வேண்டும் அவளுக்கு.

ஐஸ்கிரீம் டப்பாவில் கட்டிக் கொடுத்தேன்.
உன் நாத்தனார் மடியில் வைத்துக்கொண்டு
டாக்ஸியில் நெருங்கி உட்கார்ந்தாள்.

நஞ்சுக்கொடியில் நிணநீர்க் குழாய் கிடையாது,
பாடப்புத்தகம் அப்படித்தான்.
வடிகால் இல்லாத வீடு.
ஆனால் அந்தக் குழாயைத் தேடும் சாயத்தை ஊற்றினால்
விரல் விரலாய் நிற்கும் சதையின் நடுவே
பழுப்பாய்ப் பிடிக்கிறது.
வாய்க்காலே வெட்டாத ஊரில்
வாய்க்கால் தெரு என்று பலகை.
பெருகும் நீரை எங்கே அனுப்புவது என்று
யாரோ அங்கே யோசித்திருக்கிறார்கள்.
அல்லது யாரும் யோசிக்கவில்லை,
சாயம் மட்டும் பிடித்திருக்கிறது.

எண்ணுகிறேன்.
வைரஸ் உள்ளவள், இல்லாதவள்,
அழுத்தம் ஏறியவள், ஏறாதவள்.
நீ நாற்பத்தேழு.
பெயரை நான் படித்திருக்கக் கூடாது.
எண்ணிக்கை தவறி
மறுபடி முதலிலிருந்து.

மூன்றாம் மாடியில்
தொள்ளாயிரத்து எண்பது கிராமை
நெஞ்சோடு கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாய்.
அவளுடைய முதல் சோதனையில் வைரஸ் இல்லை.
இரண்டாவது பத்து வாரம் கழித்து.

நாளை யாராவது கேட்டால்
லிபோடே என்பாள்.
முழுப் பொய்யில்லை.

இழுப்பறை ஏழு, மூன்றாம் வரிசை.
மெழுகுக் கட்டியின் விளிம்பில்
பென்சிலால் 47.