முப்பத்தெட்டு வாய்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய்
பச்சை மையில் பதினோரு கட்டளைகள்.
நான்காவதற்கு மட்டும் அடிக்கோடு:
பம்பை நிறுத்த மறக்காதே.

நிறுத்துகிறேன்.
ஜே.பி. நகரில் நான்காம் மாடியில்,
கடலுக்குத் தொள்ளாயிரம் மீட்டர் மேலே
ஒரு கடல்
மூச்சைப் பிடித்துக்கொள்கிறது.

இதன் தண்ணீர் லாரியில் வந்தது.
உப்பு வாளியில் வந்தது.
அலை, சுவர் பிளக்கிலிருந்து வருகிறது.
நிலவுக்கு ஒரு டைமர்.

ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில்
செய்தித்தாள் சுற்றி ஒளித்துவைத்த இறால்பொடிசுகள்.
ஒரு வில்லை உடைத்து
தொட்டித் தண்ணீரில் கரைக்கிறேன்
(காபி டம்ளரில் கூடாது, அது ஏழாவது கட்டளை).

சைவர்களுக்கு மட்டும் என்று
ஒப்பந்தத்தில் எழுதிய வீடு.
போன செவ்வாய் ஓனர் ஸ்ரீகண்டையா வந்தார்.
கண்ணாடியில் மூக்கு படக் குனிந்தார்.
"ஏனு தின்னுத்தே இது?"
"பெளகு சார்" என்றேன். வெளிச்சம்.
கோயிலில் நிற்பதுபோல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்.

முழுப் பொய்யும் இல்லை.
பக்கத்துப் பாறைக்காரர்கள் எல்லோரும்
உடம்புக்குள்ளேயே வெளிச்சத்தைப் பயிர்செய்து
சாப்பிடுகிறவர்கள்தான்.
இது மட்டும்தான் இப்படி.
சூரியப் பவளம் என்று பேர்,
விளக்கைக் கண்டால் சுருட்டிக்கொள்ளும்.
இருட்டிய பிறகு, இறால் வாடை எட்டிய பிறகு,
யாரோ அவசரமில்லாமல் பிரிக்கும்
கனகாம்பரச் சரம்போல
ஒவ்வொன்றாய் அவிழும்.

முப்பத்தெட்டு வாய்.
ஒரே உடம்புதான், ஆனாலும்
ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியா ஊட்டணும்,
என்றாய் கிளம்பும்போது, ஷூ லேஸைக் கட்டியபடி.
கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில்
நீ சொன்னவற்றில்
நான் திரும்பத் திரும்ப யோசித்த வாக்கியம்
அது ஒன்றுதான்.

குழலை அழுத்துகிறேன்.
இரண்டு கண்ணுள்ள ஒரு தூசு
வாய் விளிம்பில் இறங்குகிறது.
விரல்கள் மடிகின்றன,
மடிகிற மாதிரியே தெரியாமல்.
நகரக் கூடாது. விழுங்கும்வரை பார்க்கணும்.
அதற்குள் முதுகில் சிவப்புக் கோடு போட்ட இறால்
குச்சிக் கால்களால் ஏறிவந்து
வாய்க்குள் கையைவிட்டுப் பிடுங்குகிறது,
தன் சாதிசனத்தையே.
குழல்முனையால் தள்ளுகிறேன். வருகிறது.
தள்ளுகிறேன்.
"சனியனே!"
இன்றைக்கு இந்த வீட்டில் பேசப்பட்ட
முதல் சொல் அது.

முதல் வாரம் எரிச்சல்தான்.
இரண்டாம் வாரம், பச்சை லைன் மெட்ரோவில்
நான் கம்பியைப் பிடித்ததும்
பக்கத்தில் நின்றவள் முகம் சுளித்து நகர்ந்தாள்.
என் விரலை நானே மோந்து பார்த்தேன்.
சோப்பு, சோப்புக்கு அடியில் கடல்.
ஏனோ கொஞ்சம் கர்வமாக இருந்தது.

பன்னிரண்டாம் வாயில் கரண்ட் போகிறது.
தெரு முழுக்க. லிஃப்டுக்குள் யாரோ தட்டுகிறார்கள்.
கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில்
போன் வெளிச்சத்தை இடுக்கிக்கொண்டு,
மூடிக்கொள்வதற்குள், ஓட்டமாக,
முப்பத்தாறு, முப்பத்தேழு,
முப்பத்தெட்டு.

பாறையின் பின்புறம், கண்ணாடி ஓர இடுக்கில்
கடுகளவு மஞ்சள்.
சிந்தியது ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்
குழலால் ஊதினேன்.
அது கை விரித்தது.

இப்போது கரண்ட் வந்துவிட்டது.
ராட்டர்டாமில் உனக்கு இன்னும் சாயங்காலம்.
திரையில் உன் நெற்றியும் பாதிக் கண்ணாடியும்.
எல்லாம் திறந்ததா?
திறந்தது.
எண்ணினாயா?
எண்ணினேன்.
எத்தனை?

பம்பைப் போடுகிறேன்.
தொட்டி மூச்சை விடுகிறது.
முப்பத்தெட்டு, என்கிறேன்,
குழலில் மிச்சமிருக்கும் துளியை
கட்டைவிரலால் அடைத்துப் பிடித்தபடி.