ஒற்றை ஈய நிலா

எழுத்துப் பெட்டியில் ஒரே ஒரு முழுநிலாதான் மிச்சம்.
மற்றவை தேய்ந்து, உலையில் உருகி,
காற்புள்ளிகளாகிவிட்டன.

போரா காற்று கதவை இடிக்கும் நவம்பரில்
டிரியெஸ்டெ நகரத்துக்கு
அடுத்த ஆண்டைக் கோத்துக்கொண்டிருக்கிறேன்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று.
தாள் ஒன்று, பத்தி மூன்று.
காகிதச் செலவு மிச்சம் என்கிறார் முதலாளி.

முதல் சீட்டு தொன் ஔரேலியோவுடையது.
இடக்கை விரல் கணுக்களில் ஆண்டுகளைத் தட்டியபடி
சொல்கிறார்:
மார்ச் இருபத்தொன்று பிறக்க வேண்டும்,
பிறகு பௌர்ணமி, அதற்குப் பிறகு ஞாயிறு.
பௌர்ணமி இருபத்திரண்டு, சனி.
ஞாயிறு மறுநாளே.
"இவ்வளவு சீக்கிரமா ஈஸ்டர், சாமி?"
"இதைவிட ஒரே ஒரு நாள்தான் முந்த முடியும்."
குரலில் அப்படி ஒரு பெருமை,
அவர் வளர்த்த குதிரை ஜெயித்ததுபோல.

நிலாவை அங்கே வைத்தேன்.
முந்நூறு தாள் ஓடியது.
கழற்றித் துடைத்தேன்.

ஜவுளிக் கிடங்குக் கணக்கர் சமுயேலே விவாந்தே
கையுறையைக் கழற்றாமலே சீட்டை நீட்டினார்.
"எங்களுக்கு இந்த ஆண்டு ஒரு மாதம் கூடுதல்.
பத்தொன்பதில் ஏழு முறை இப்படி.
இல்லாவிட்டால் பாஸ்கா நழுவி நழுவிக்
குளிர்காலத்தில் போய் விழும்.
பால் கொடுக்காத மாட்டைக் கட்டி வைப்பதுபோல
ஆண்டைக் கட்டி வைக்கிறோம்."
ஏப்ரல் இருபத்தொன்று, அந்தி சாயும்போது.
"ஆமாம், மார்ச் இருபத்து மூன்று எங்களுக்குப் பூரிம்.
வேஷம் போட்ட பிள்ளைகளின் கிலுகிலுப்பையும்
உங்கள் மணியும்
ஒரே தெருவில் முட்டிக்கொள்ளப் போகின்றன."

அடுப்பருகே நின்று, கேட்காமலே, சொன்னார்:
அக்காலத்தில் எருசலேமில்
பிறை கண்டவன் ஓடி வருவானாம்.
கொம்பு எந்தப் பக்கம் சாய்ந்தது?
எத்தனை ஆள் உயரம்?
தனித்தனியே நிறுத்திக் கேட்பார்கள்.
சொன்னது பொருந்தினால் மலைக்கு மலை தீ எழும்.
சாட்சிகள் தவறாமல் வர வேண்டுமென்றே
பெரிய விருந்து.

"இப்போது விருந்து உண்டா?"
"இப்போது கணக்குதான் சாட்சி.
கணக்குக்குப் பசிக்காது."

நிலா இரண்டாம் பத்திக்குப் போனது.

கிரேக்கக் கோயில் ஸ்பிரிதியோன் பாதிரியார்
ஒரு பொட்டலம் அத்திப்பழத்துடன் வந்தார்.
அவர் சுவரில் இன்னும் பழைய நாட்காட்டி,
ஊரைவிடப் பதின்மூன்று நாள் பின்னால்.
அவர் பௌர்ணமி ஏப்ரல் இருபத்தைந்து,
உயிர்ப்பு இருபத்தேழு.
"பஞ்சாங்கப்படி வானத்தில் இருபதாம் தேதியே
முழுநிலா, சாமி. அன்றைக்கு உங்கள் நிலா
ஐந்து நாள் தேய்ந்திருக்கும்."
அத்திப்பழத்தைக் கடித்தபடி யோசித்தார்.
"வானம் அவசரக்காரன்," என்றார்.

மூன்றாம் பத்தி. அதே நிலா.
ஓரத்தில் ஒரு சிறு வடு விழுந்துவிட்டது.
இனி எல்லா மதத்துக்கும் அந்த வடு உண்டு.

மை காயும் நேரத்தில்
கார்ஸ்ட் மேட்டிலிருந்து நெவென்கா வந்தாள்,
முட்டைக் கூடையை வைக்கோலால் போர்த்தி.
எழுத்து தெரியாது. வாய்க்கணக்கில் புலி.
மூன்று தேதியையும் படித்துக் காட்டினேன்.

"மார்ச்சிலா? குளிரில் எந்தக் கோழி இடும்?
முதல் வீட்டுக்குக் கால் கூடைகூடத் தேறாது.
அப்புறம் ஒரு மாதம் சும்மா.
அப்புறம் ஒரே வாரத்தில் இரண்டு வீடு,
ஒருவருக்கு வெள்ளை, ஒருவருக்குச் சிவப்புச் சாயம்.
மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்களே,
ஒருவராவது கோழியைக் கேட்டாரா?"

அவர்கள் உட்கார்ந்து பேசவில்லை என்றேன்.
வெவ்வேறு கிழமைகளில் வந்தார்கள்.

மூன்று நிலாவிலும் ஆணியால் துளை போடச் சொன்னாள்.
போட்டேன்.
தாளைச் சன்னல் பக்கம் தூக்கி
ஒற்றைக் கண்ணால் துளைகளைப் பார்த்தாள்,
முட்டையை விளக்கில் பார்ப்பதுபோல,
உள்ளே உயிர் இருக்கிறதா என்று.

பிறகு விலையைக் குறைக்கச் சொன்னாள்.
ஓட்டைத் தாளாம்.