மூன்றாவது தொகை

நவம்பர், செவ்வாய், மாலை ஆறு.
கடல் தெரியாத அறைதான்; ஆனாலும்
ஜன்னல் கண்ணாடியில் உப்பு பூத்துக் கிடக்கிறது.
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு தொலைபேசிகள்,
நடுவில் ஒரு தட்டு பிஸ்கட்.
மணிக்குப் பதினொரு பவுண்டு எனக்கு,
படித்து முடித்துப் போனவர்களை அழைத்து
படிக்க வந்தவர்களுக்காகக் கேட்பதற்கு.

தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள்:
முதலில் வானிலை. பிறகு நினைவுகள்.
பிறகு, மாதம் நாற்பது.
இல்லையென்றால் இருபது.
அதுவும் இல்லையென்றால் பத்து.
அதன் பின் நன்றி, இனிய இரவு.
நான்காம் முறை கேட்காதே
என்று தடித்த எழுத்தில்.

எழுதித் தராதது:
எடுப்பது மனைவியாக இருந்து
"அவர் போன ஏப்ரலில்..." என்று நிறுத்தினால்
எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று.

பக்கத்தில் லெசேடி, போட்ஸ்வானாக்காரி,
தொகையைச் சொல்லும்போது மட்டும்
குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்,
தனக்கே கடன் கேட்பதைப் போல.

என் பட்டியலில் அடுத்து
கென்வின் ப்ரோபர்ட், புவியியல், எண்பத்தொன்று.
ரெக்ஸம் பக்கம் ஒரு கல்குவாரியில்
லாரிகளை எடைபோடுகிறாராம்.
"மழை" என்றார், நான் கேட்கும் முன்பே.
நினைவுகள் ஒன்றும் இல்லை என்றார்.
நாற்பதுக்குச் சிரித்தார்.
இருபதுக்கு இருமினார்.
பத்துக்கு வெகுநேரம் பேச்சில்லை;
ஏதோ ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் மட்டும்,
பீப், பீப் என்று.

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
"இப்போதெல்லாம் எங்கே அனுப்புகிறீர்கள்?"
கிர்கிஸ்தான் என்றேன். பனியாறு அளக்க. எட்டுப் பேர்.
"என்னை ஐஸ்லாந்துக்கு அனுப்பினார்கள்.
கப்பல் கட்டணத்தில் பாதி யாரோ கொடுத்தது.
பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பதினேழு நாள் மூடுபனி.
அளவுகோலை நட்டேன்,
நட்ட இடத்தை மறுநாள் காணோம்.
ஒரு பண்ணைவீட்டில் முடங்கிக் கிடந்து
அவர்கள் ஆட்டை அவர்கள் மொழியில்
கூப்பிடக் கற்றதுதான் மிச்சம்."

கூப்பிட்டுக் காட்டினார்.
என் காதில் தொலைபேசி கரகரத்தது.
லெசேடி திரும்பிப் பார்த்தாள்.

"அறிக்கையில் என்ன எழுதினீர்கள்?"
தாளில் இல்லாத கேள்வி, என்னையறியாமல்.
"பொய்" என்றார். "நான்கு பக்கம். வரைபடத்தோடு.
நல்ல மதிப்பெண்ணும் கொடுத்தார்கள்,
அதுதான் இன்னும் உறுத்துகிறது."

பீப், பீப்.
"மாதம் ஆறு பவுண்டு எழுதிக்கொள்.
ஒரு நிபந்தனை.
ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறவனுக்குப் போகட்டும்.
கிடைக்கவில்லை என்று
அவன் எழுதித் தந்தால் போதும்."
கொஞ்சம் பொறுத்து, "அவளோ" என்றார்.

படிவத்தில் ஆறு இல்லை.
நாற்பது, இருபது, பத்து, பிற.
'பிற'வில் ஆறைப் போட்டேன்.
நிபந்தனைக்குக் கட்டமே கிடையாது.
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்,
மேற்பார்வையாளர் அடித்துவிடுவார் என்று தெரிந்தே.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு,
சொல்லவும் கூடாது, அதுவும் விதி:
அந்த எட்டுப் பேரில் ஒருத்தியாக
நானும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
இரண்டாம் பத்தி இப்படித் தொடங்குகிறது:
'இப்பயணத்தில் நான் உறுதியாக நிறுவப்போவது...'
நிறுவுகிறாளாம்!
நரின் ஆற்றை வரைபடத்தில் தேடவே
எனக்கு ஒரு மாலை பிடித்தது.
நான் பார்த்த வெளிநாடு
பள்ளிச் சுற்றுலாவில் பிரிட்டனி, நான்கு நாள்,
நான்கு நாளும் இதே மழை.

இடைவேளையில் பிஸ்கட் தீர்ந்திருந்தது.
மடிக்கணினியைத் திறந்து
'உறுதியாக' என்பதை அழித்தேன்.
'நிறுவப்போவது' மிஞ்சியது.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் பதினான்கு பெயர்கள்.
அடுத்தது எழுபத்தாறு, வேதியியல்.
அந்தப் பக்கம் மணி அடிக்கிறது.
யாரும் எடுப்பதற்குள் ஒரே ஒருமுறை, உதட்டளவில்,
அந்தக் கூப்பாட்டைச்
சொல்லிப் பார்க்கிறேன்.