பொய்த்த ஆண்டுகள்

பெர்ன் நகரில் இரவு இரண்டு நாற்பதுக்கு
குளிரறையின் அபாயமணி என் கைப்பேசியில் அலறியது.
சைக்கிளில் போனேன். ஆரே ஆற்றுப் பாலத்தில்
ஒரு நரி நின்று வழிவிட்டது.

கம்ப்ரசர் செத்துக் கிடந்தது.
மைனஸ் இருபதில் உறங்க வேண்டிய அறையில்
கதவோரத் தட்டு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது:
அந்தீஸ் மலைப் பனிக்கட்டி,
பெட்டி எண் நூற்றுப் பதினான்கு,
ஒரு சாண் நீளம்,
பத்தொன்பது ஆண்டு.

போன வாரம்தான் எண்ணி முடித்திருந்தேன்.
நல்ல ஆண்டென்றால் நாலு விரல் தடிப்பு.
இவை சுண்டுவிரல் நகமளவு,
ஒவ்வொன்றுக்கும் இடையில் பழுப்பாய் ஒரு கோடு:
திவானாக்குவின் மேட்டுப்பாத்திகள்
வெடித்து, காற்றிலேறி,
மலைக்கு நடந்துவந்து பனியில் படுத்த தூசி.

ரெட்டோ படிவத்தோடு வந்தான்.
இழப்பு என்ற கட்டத்தில் என்ன எழுத?
பத்தொன்பது ஆண்டு என்றேன்.
சென்டிமீட்டரில் சொல் என்றான்.

ஜெர்மன் மொழியில் மழை வராமல் போகும், அவ்வளவுதான்.
என் மொழியில் மழை பொய்க்கும்.
பொய் என்றால்
அதற்கு முன்னால் ஒரு வாக்கு இருந்திருக்க வேண்டும்.
கொடுத்தது மேகமல்ல.
ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, நெஞ்சோடு கிண்ணம் அணைத்து
இமைக்காமல் நின்ற கல்முகங்கள்.
முதல் வறட்சியில் அந்தக் கிண்ணத்துக்கு
இன்னும் கொஞ்சம் சோளக்கள் படைத்திருப்பார்கள்.
ஐந்தாவதில் ஒரு லாமாக் குட்டி.
பன்னிரண்டாவதில் முணுமுணுப்பு.
பிறகு ஒரு காலை
கிழங்கு தோண்டப் போய் வெறுங்கையோடு திரும்பிய ஒருத்தி
மண்வெட்டியை ஓங்கி மூக்கிலேயே போட்டிருப்பாள்.
பொய்த்தது மழை.
அடி வாங்கியது கல்.

என் ஊகம்தான்.
பனியில் தூசி பதியும், கோபம் பதியாது.

தரையைத் துடைத்து வாளியில் பிழிந்தேன்.
பத்தொன்பது ஆண்டு வானம்
ஒன்றரை லிட்டர்.
இனி ஆய்வுக்கு ஆகாது, கொட்டிவிடு என்றான் ரெட்டோ.
கொட்டினேன். ஆரேக்குப் போயிருக்கும்,
அங்கே அதற்கு ஒரு குறையுமில்லை.

வாளியின் அடியில்
ஒரு சிட்டிகை வயல் மிஞ்சியது.

கையெழுத்துப் போட்டபோது விரல் பட்டு
படிவத்தின் குறுக்கே பழுப்பாய் ஒரு கோடு.
ரெட்டோ சட்டைக் கையால் அழிக்கப் போனான்.
விடு என்றேன்.