இடைவெளிகள் உட்பட

வூச் நகரில் எழுத்தை எண்ணித்தான் கூலி.
இரண்டாயிரத்து நானூறு எழுத்து,
இடைவெளிகள் உட்பட.
ஆக, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
நான் வாயைத் திறக்காமல் நிற்கிற இடத்துக்கும்
சில்லறை உண்டு.
மற்றபடி பகலில்
சலவை இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்க்கிறேன்.
அதில் யாருக்கும் வசனம் மறப்பதில்லை.

இந்த ஊர்ப் பெயருக்குப் படகு என்று அர்த்தம்.
ஆறுகளைத் தெருவுக்கடியில்
குழாய்க்குள் விட்டுவிட்டார்கள்.
பழைய சாயப்பட்டறையில் நாடகக் குழு,
கொதிகலன் அறையில் மேடை.
ஜனவரி, வியாழன் இரவு, மைனஸ் ஒன்பது.
இரைச்சல் வசனத்தைக் கெடுக்குமென்று
ஹீட்டரை அணைத்திருந்தார்கள்.
பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர்.
நடிகர்களின் உறவுக்காரர்களைக் கழித்தால் நான்கு,
குளிருக்கு ஒதுங்கியவரையும் கழித்தால் மூன்று.
பேனா எழுதவில்லை. பென்சிலுக்கு மாறினேன்.

இரண்டாம் காட்சியில்
யாக்னாவுக்கு வசனம் மறந்துபோனது.
வாய் திறந்தபடி. கை பாதி வழியில்.
அப்போது வெளிச்சம் இறங்கத் தொடங்கியது,
அவசரமே இல்லாமல்,
ஒத்திகையில் நூறு முறை இறங்கியதைப் போல.
இருட்டுக்குள் அவள் அடுத்த வரியைத் தேடி எடுத்தாள்.
வெளிச்சம் அவளோடு ஏறி வந்தது.
பிழையென்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.
பிரதி என் மடியில் இருந்ததால்
எனக்குத் தெரியும்.

கடைசிப் பத்தி முழுக்க அந்த விளக்குக்காரரைப் பற்றி எழுதினேன்.
மஜெனா அதை வெட்டினாள்:
"டயர் விளம்பரம் வந்துவிட்டது, இடமில்லை."
மிஞ்சியது அடியில் பெயர்ப்பட்டியல் மட்டும்.
ஒளி: மிரோஸ்வாவ் கால்கா.

எங்கள் நெடுங்கணக்கில் ஓர் எழுத்து உண்டு,
இடுப்பில் குறுக்குக் கோடு போட்டது.
கோட்டோடு எழுதினால் காவ்கா. குமிழ் என்று பொருள்,
வானொலிப் பெட்டியில் திருகுவோமே, அது.
கோடில்லாவிட்டால் கால்கா.
அகராதியில் தேடினால் ஒன்றுமில்லை.
நான் கோட்டை விட்டேன்,
இரண்டு அர்த்தத்திலும்.

மருந்துக்கடை வரிசையில், பின்னாலிருந்து:
"பத்திரிகைக்கு எழுதுகிறவர்தானே?
முப்பத்தொரு வருஷமாக விளக்குப் போடுகிறேன்.
அச்சில் பெயர் வந்தது இப்போதுதான்.
வந்தது என் பெயரில்லை."
குரலில் கோபமில்லை.
இருமல் மருந்துக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திருத்தம் கேட்டேன். "ஒரு கோடுதானே?" என்றாள் மஜெனா.
மூன்றாம் வாரம்
கால்பந்து அட்டவணைக்குக் கீழே வந்தது.
தொண்ணூற்றிரண்டு எழுத்து,
இடைவெளிகள் உட்பட.
திருத்தத்துக்குக் கூலி கிடையாதாம்.
ஜனவரி பில்லுக்கே இன்னும் வரவில்லை.

நேற்று அதே இடத்தில் புது நாடகம்.
ஏணி ஏறி விளக்குப் பலகைக்குப் போனேன்,
ஒரு வாக்கியமாவது வாங்கலாமென்று.
திருகுகளுக்கு மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.
திருத்தமல்ல,
முதலில் வந்ததே.
பெயரின் நடுவில் நீல மையால்
அவரே இழுத்த கோடு,
கொஞ்சம் நீண்டு
பக்கத்து எழுத்தையும் தொட்டுக்கொண்டு.

நான் நோட்டைத் திறந்தேன்.
"தள்ளி நில்லுங்கள்," என்றார்,
"வயரை மிதிக்கிறீர்கள்."